மில்லிஆம்பியர் மயக்கம்

கடலடிப் புகைப்படக் கருவிகளுக்கும் டைவ் டார்ச்சுகளுக்கும் ரீசார்ஜ் பேட்டரி வாங்குவோரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. உறையில் அச்சிட்ட மில்லிஆம்பியர்-மணி எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு நல்ல பேட்டரி என்பது அது. 2000 எண்ணுக்கும் 2700 எண்ணுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கை தானாக 2700ஐத்தான் எடுக்கிறது. கடைக்காரரும் அதையே நல்ல சரக்கு என்று எடுத்துக் கொடுக்கிறார். இந்த நம்பிக்கை தவறு. சுவர்க் கடிகாரத்திலும் டிவி ரிமோட்டிலும் அதனால் பெரிய நட்டமில்லை. தண்ணீருக்கு அடியில், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்டு இறுக்கி மூடிய அறைக்குள் உழைக்க வேண்டிய பேட்டரி விஷயத்தில் அது படத்தைக் கெடுக்கிறது, கருவியைக் கெடுக்கிறது, சில வேளைகளில் ஆளையே ஆபத்தில் தள்ளுகிறது.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 61951-2. அதன்படி செல்லைச் சுமார் 20 டிகிரி வெப்பத்தில், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 16 மணி நேரம் சார்ஜ் செய்கிறார்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கு இறங்கும் வரை வடிக்கிறார்கள். 2000 என்று எழுதியிருந்தால், 400 மில்லிஆம்பியர் வீதம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அந்தச் செல் தாக்குப் பிடித்தது என்று பொருள். கடலடிப் படத்துக்கு ஒளி பாய்ச்சும் ஸ்ட்ரோப் எனும் மின்னல் விளக்கு எதுவும் இவ்வளவு மெதுவாக மின்சாரத்தை இழுப்பதில்லை. அவசரமில்லாத சூழலில் எவ்வளவு தேறும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. எவ்வளவு வேகமாகக் கொடுக்கும், கொடுக்கும்போது எவ்வளவு சூடாகும், பையில் ஒரு மாதம் கிடந்தால் எவ்வளவு மிஞ்சும், எத்தனை முறை சார்ஜ் ஏற்றலாம் என்பன எதையும் அது சொல்வதில்லை. கடலுக்குள் இறங்குபவருக்குத் தேவையானவை இந்த நான்கும்தான்.

மில்லிஆம்பியர்-மணி ஆற்றலின் அளவும் அல்ல. ஆற்றலை அறிய அதை வோல்ட்டால் பெருக்க வேண்டும். 1.2 வோல்ட் ஏஏ செல்லில் 2000 இருந்தால் 2.4 வாட்-மணி. 3.6 வோல்ட் லித்தியம் அயான் செல்லில் 3400 இருந்தால் 12.24 வாட்-மணி. எண்கள் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை, ஆற்றலோ ஐந்து மடங்கு. அண்மைக் காலமாக யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏற்றும் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல்கள் சந்தைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் 3400 போன்ற எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். கூர்ந்து பார்த்தால் அது மில்லிவாட்-மணி. அதே அளவையில் சொன்னால் சாதாரண 2000 ஏஏ செல்லின் எண் 2400. இந்தச் செல்களுக்குள் 3.7 வோல்ட்டை 1.5 ஆக இறக்கும் சிறு மின்சுற்று இருக்கிறது. அது தாங்கும் மின்னோட்டத்துக்கு வரம்பு உண்டு. ஸ்ட்ரோப் அதற்கு மேல் இழுத்தால் செல் தன்னைத்தானே அணைத்துக் கொள்ளும்.

ஸ்ட்ரோப்பின் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றது தானே விளங்கும். சூரிய ஒளியின் சிவப்பைத் தண்ணீர் முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடுகிறது. பவளத்தின் உண்மை நிறம் படத்தில் தெரிய வேண்டுமென்றால் ஒளியைக் கையோடு கொண்டு போயாக வேண்டும். ஸ்ட்ரோப்பில் உள்ள மின்தேக்கி பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இழுத்துச் சேமித்து, ஒரே கணத்தில் பளிச்சிட்டுக் கொட்டிவிடுகிறது. அடுத்த மின்னலுக்குத் தயாராகும் இடைவெளியை ரீசைக்கிள் நேரம் என்கிறார்கள். அந்த ஓரிரு விநாடிகளில் பல ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. மீன் திரும்பும் நொடியில் ஸ்ட்ரோப் தயாராக இருந்ததா இல்லையா என்பதில்தான் படம் இருக்கிறது.

அந்தத் தயார்நிலையைத் தீர்மானிப்பது செல்லின் உள்மின்தடை. தொட்டி எவ்வளவு பெரிதானாலும் குழாய் ஒடுங்கியிருந்தால் குடம் நிறைய நேரமாகும். கணக்குப் போட்டே பார்க்கலாம். புதிய அல்கலைன் ஏஏ செல்லின் உள்மின்தடை சுமார் 0.15 ஓம். நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்குச் சுமார் 0.03 ஓம். ஸ்ட்ரோப் 5 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக் கொண்டால் அல்கலைன் செல்லுக்குள்ளேயே 0.75 வோல்ட் தொலைகிறது. 1.5 வோல்ட்டில் பாதி போயிற்று. ஹைட்ரைடு செல்லில் தொலைவது 0.15 வோல்ட்தான். ஓய்வில் 1.3 வோல்ட் காட்டிய செல், சுமையின் கீழ் 1.15 காட்டும். காகிதத்தில் 1.5 வோல்ட்டும் 2500க்கு மேற்பட்ட மில்லிஆம்பியர்-மணியும் கொண்ட அல்கலைன், 1.2 வோல்ட் 2000 செல்லிடம் தோற்பது இங்கேதான். தொலைந்த மின்னழுத்தம் காற்றில் கரைந்துவிடுவதில்லை, வெப்பமாகிறது. அதே 5 ஆம்பியரில் ஓர் அல்கலைன் செல்லுக்கு 3.75 வாட், நான்குக்கு 15 வாட். காற்றோட்டமே இல்லாத பிளாஸ்டிக் அறைக்குள் அவ்வளவு வெப்பம்! ஹைட்ரைடு செல்கள் நான்கும் சேர்ந்து வெளிவிடுவது 3 வாட்.

ஹைட்ரைடு செல்களுக்குள்ளேயும் இதே கதை தொடர்கிறது என்பதைத்தான் பெரிய எண்ணை நம்புவோர் பார்ப்பதில்லை. ஏஏ செல்லின் உருளை அளவு மாறாதது. 2000 போட்ட இடத்தில் 2700 போட வேண்டுமானால் கூடுதல் மின்முனைப் பொருளுக்கு எங்கிருந்தாவது இடம் பிடுங்க வேண்டும். இரு மின்முனைகளையும் பிரிக்கும் சவ்வு மெலிகிறது, உள்ளே வாயு சேர விட்டிருந்த இடம் குறைகிறது. சவ்வு மெலிந்தால் செல் சும்மா இருக்கும்போதே கசிந்து வடியும், விரைவில் தேயும். தேயத் தேய உள்மின்தடை ஏறும். பழைய வகை உயர் கொள்ளளவு செல்கள் சார்ஜ் ஏற்றிச் சில வாரங்கள் பையில் கிடந்தாலே கணிசமாக இழந்துவிடும். அந்தமானுக்குப் புறப்படும் முன் வீட்டில் ஏற்றிய 2700, ஹேவ்லாக் தீவில் படகில் ஏறும்போது 2700 அல்ல.

2005 நவம்பரில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் செல்லை வெளியிட்டபோது நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அப்போது 2500 எண் போட்ட ஏஏ செல்கள் கடைகளில் சாதாரணம். சான்யோவே அவற்றை விற்றுக் கொண்டிருந்தது. ஆனால் எனலூப்பின் எண் 2000, உத்தரவாதம் 1900தான். எண்ணைக் குறைத்து, தானாக வடிவதைப் பெரிதும் மட்டுப்படுத்தினார்கள். ஓராண்டு கிடந்தும் பெரும்பங்கு சார்ஜ் மிஞ்சும் செல் அப்படித்தான் வந்தது. எண்ணைப் பின்னுக்குத் தள்ளிய அந்தச் செல்தான் பின்னர் கடலடிப் புகைப்படக்காரர்களின் பைகளில் நிலையான இடம் பிடித்தது. ஸ்ட்ரோப் செய்யும் இனான் போன்ற நிறுவனங்கள் அதைப் பெயர் சொல்லியே பரிந்துரைத்தன. பிற்பாடு அதே வரிசையில் 2500 எண்ணுள்ள புரோ வகையும் வந்தது. நெடுநாள் அவற்றின் உறைகளில் அச்சிட்டிருந்த சார்ஜ் சுழற்சி எண்ணிக்கை சாதாரண வகைக்கு 2100, புரோவுக்கு 500. ஒரே குடும்பத்துச் செல்கள், கொள்ளளவில் கால் பங்கு கூடுதல், ஆயுளில் நான்கில் ஒரு பங்கு. இந்த விலையைத் தெரிந்தே கொடுப்பவர் கொடுக்கலாம். ஒரு டைவில் நூற்றுக்கணக்கான மின்னல்கள் எடுக்கும் தொழில்முறைக்காரருக்கு அது நியாயமாகவும் இருக்கலாம். தெரியாமல் கொடுப்பவர்களே மிகப் பலர்.

பெரிய எண் மயக்கம் இன்னொரு பழக்கத்தையும் வளர்க்கிறது. பழைய 2000 செல்கள் நான்கில் இரண்டு சோர்ந்துவிட்டால், அந்த இரண்டுக்குப் பதிலாக 2500 இரண்டை வாங்கிச் சேர்ப்பது. எண் கூடினால் மொத்தமும் கூடும் என்பது கணக்கு. தொடராக இணைத்த செல்களில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. நான்கு செல்களின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கிறது. பலவீனமான செல் முதலில் காலியாகிறது. மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக் கொண்டேயிருக்க, அதன் துருவம் புரள்கிறது. புரண்ட ஹைட்ரைடு செல்லில் ஹைட்ரஜன் உண்டாகிறது, அழுத்தம் மீறினால் செல்லின் வால்வு வழியே வெளியேறுகிறது. திறந்த வெளியில் அது கலைந்து போகும். ஓ-ரிங் மூடிய ஸ்ட்ரோப்பிலோ டார்ச்சிலோ போக வழியில்லை. காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடு வரை தீப்பற்றக் கூடியது, ஒரு தொடுமுனைப் பொறி போதும். இந்த அபாயத்தை அறிந்துதான் சில டைவ் டார்ச்சுகளுக்குள் ஹைட்ரஜனை நீராக மாற்றும் வினையூக்கி வைக்கிறார்கள். இருக்கும் செல் நான்கும் ஒரே எண், ஒரே நாள் வாங்கியது, ஒரே நாள் ஏற்றியது என்பதே இதற்கு முதல் காப்பு. நான்கு செல்களுக்கும் தொகுதி எண் எழுதி, என்றும் பிரிக்காமல் வைத்திருப்பதைவிடப் பெரிய பலன் எந்த 2700லும் இல்லை.

ஏஏ அளவில் நுழைகிறது என்பதற்காக எதையும் போட்டுவிடுவதும் இதே மயக்கத்தின் கிளை. 14500 என்ற லித்தியம் அயான் செல்லும் ஏறத்தாழ ஏஏ உருவம்தான். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். நான்கைப் போட்டால் 6 வோல்ட்டுக்குக் கட்டிய ஸ்ட்ரோப்பில் 16.8 வோல்ட் ஏறுகிறது. நிக்கல்-துத்தநாகச் செல்கள் 1.6 வோல்ட் என்பதால் ரீசைக்கிள் வேகம் கூடுகிறது. அந்த வேகத்துக்கேற்ற வெப்பத்தைத் தாங்கும்படி ஸ்ட்ரோப் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைக் கையேடு சொல்லும், செல்லின் உறை சொல்லாது.

டைவ் டார்ச்சுகளிலும் வீடியோ விளக்குகளிலும் ஏஏ செல்லின் இடத்தை லித்தியம் அயான் உருளைகள் பிடித்துவிட்டன. பெரும்பாலும் 18650, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இங்கே எண் மயக்கம் வெறும் தவறான தேர்வோடு நிற்பதில்லை, மோசடிக்குத் தீனியாகிறது. முன்னணி நிறுவனங்கள் விற்பனைக்கு விட்ட 18650 செல்களின் கொள்ளளவு 3500 அளவில்தான் உச்சம் தொட்டிருக்கிறது. பானாசோனிக்கின் என்.சி.ஆர்.18650பி 3400, எல்ஜியின் எம்ஜே1 3500, சாம்சங்கின் 35இ 3500. அவற்றின் எடை 50 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அந்த உருளையில் 9900 என்று அச்சிட்டு, உண்மையான செல்லின் விலையில் பாதிக்கும் கீழே விற்கிறார்கள். 9900ஐ 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 36.6 வாட்-மணி. உலகின் தலைசிறந்த ஆலைகள் சுமார் 12.6 ஏற்றும் உருளையில் அதன் ஏறத்தாழ மூன்று மடங்கு. இது நம்பக்கூடியதே அல்ல. பிரித்துப் பார்த்தவர்கள் பழைய லேப்டாப் பேக்குகளிலிருந்து உருவி உறை மாற்றிய செல்களையும், பெரிய உருளைக்குள் சிறிய செல்லை வைத்துப் பொடியால் நிரப்பியவற்றையும் கண்டிருக்கிறார்கள். சமையலறைத் தராசே போதும், 30, 35 கிராம் காட்டும் 18650 தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். இப்படிப்பட்ட செல் இரவு டைவில் பாதி வழியில் டார்ச்சை அணைக்கும். அதைவிட மோசம், சார்ஜ் ஏற்றும்போது அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

நேர்மையான செல்களிலும் பெரிய எண் எப்போதும் வெல்வதில்லை. சாம்சங் 35இ 3500 எண் உடையது, தொடர்ந்து கொடுக்க அனுமதித்த மின்னோட்டம் 8 ஆம்பியர். அதே நிறுவனத்தின் 25ஆர் 2500தான், ஆனால் 20 ஆம்பியர் கொடுக்கும். 1000 லூமன் டார்ச் ஒன்று சுமார் 10 வாட், அதாவது 3 ஆம்பியர் அளவில் இழுக்கும். அதற்கு 3400, 3500 பொருத்தமான தேர்வு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். செல் ஒன்றுக்கு 10 ஆம்பியர் கேட்கும் வலுவான வீடியோ விளக்கில் அதையே போட்டால் மின்னழுத்தம் சரியும், செல் கொதிக்கும். செல்லோடு பாதுகாப்புச் சுற்றும் இருந்தால் அது மிகை மின்னோட்டம் என்று கருதி இணைப்பைத் துண்டிக்கும். விளக்கு மங்காது, ஒரேயடியாக அணைந்துவிடும். அங்கே 2500 அல்லது 3000 எண்ணுள்ள உயர் மின்னோட்டச் செல்தான் சரி. பாதுகாப்புச் சுற்று இருக்கும் செல் சில மில்லிமீட்டர் கூடுதல் நீளம் என்பதால் மூடி முழுதாக இறுகாமல் போவதும் உண்டு. ஓ-ரிங் சரியாக அமராத டார்ச்சுக்குள் உப்புநீர் புக அதுவே போதும்.

பெரிய எண்ணுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று மதிக்கத்தக்கது. படகில் ஹவுசிங் எனும் கேமராவின் நீர்புகா உறையைத் திறப்பது ஆபத்து, ஒரு மணல் துகளோ ஒரு தலைமுடியோ ஓ-ரிங்கில் சிக்கினால் கேமராவே போய்விடும், ஆகவே நாள் முழுதும் திறக்காமல் ஓட்டக்கூடிய பேட்டரி வேண்டும் என்பது அது. தேவை உண்மையானது. அதற்குப் பெரிய எண் தரும் விடைதான் பொய்யானது. 1900க்குப் பதில் 2500 என்றால் காகிதத்தில் சுமார் 30 விழுக்காடு கூடுதல். நான்கு ஏஏ செல் ஸ்ட்ரோப்புகளில் நல்ல 2000 செல்கள் முழு வலுவில் இருநூறு மின்னல் அளவுக்குத் தரும், பாதி வலுவில் அதைவிட மிகுதி. ஒரு டாங்க் காற்று 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ வரும். பெரும்பாலோர் ஒரு டைவில் அந்த இருநூறைத் தொடுவதில்லை. இரண்டு டைவுக்கு நடுவே திறந்தாக வேண்டியவர் 30 விழுக்காடு கூடினாலும் மூன்றாவது டைவுக்கு முன் திறக்கத்தான் போகிறார். மேலும், ஸ்ட்ரோப்பின் பேட்டரி அறை கேமரா ஹவுசிங்கிலிருந்து தனியானது. கேமராவைத் திறக்காமலே செல்களை மாற்றலாம். கேமரா பேட்டரிக்குத்தான் இந்த வாதம் முழுதாகப் பொருந்தும். அங்கேயும் கேமரா நிறுவனத்தின் அசல் பேட்டரியைவிடப் பெரிய எண்ணை அதே அளவு உறையில் அச்சிட்ட மலிவுப் போலிகள், 18650 கதையைத்தான் திரும்பச் சொல்கின்றன. நாள் முழுதும் வேண்டுமென்றால் அதற்கென்றே பெரிய பேக்கோடு வடிவமைத்த விளக்கை வாங்குவதே வழி.

அப்படிப் பெரிய பேக் வாங்குவோருக்கு விமான விதிகள் எண்ணைக் குறைவாகவே வைக்கச் சொல்கின்றன. உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகள் மறைத்திருக்க வேண்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் உதிரி இரண்டுதான். 160க்கு மேல் பயணியோடு வராது. 3500 செல்கள் எட்டைச் சேர்த்தால் 3.6 வோல்ட்டில் 100.8 வாட்-மணி. 3400 செல்கள் எட்டுக்கு 97.9. முதல் பேக் அனுமதி கேட்டு நிற்கும், இரண்டாவது கேள்வியின்றிப் போகும்.

சார்ஜ் ஏற்றும் இடத்துக்கு வந்தால் இந்த விவாதம் உயிர் சம்பந்தப்பட்டதாகிறது. 2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்து மூழ்கியது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் இறந்தனர். தீ எதனால் தொடங்கியது என்பதைப் புலனாய்வாளர்களால் இறுதியாக நிறுவ முடியவில்லை. எரிந்து மூழ்கிய படகில் சான்று மிஞ்சவில்லை. இரவில் ரோந்துக் காவல் இல்லாமல் போனது உறுதியாயிற்று, அதற்காகக் கேப்டன் சிறைத் தண்டனையும் பெற்றார். அந்த மாதமே அமெரிக்கக் கடலோரக் காவல்படை வெளியிட்ட அறிவிப்பு, கண்காணிப்பில்லாமல் லித்தியம் அயான் பேட்டரிகளைச் சார்ஜ் ஏற்றுவதையும் நீட்டிப்பு ஒயர்களை அளவின்றிப் பயன்படுத்துவதையும் கட்டுப்படுத்தும்படி கேட்டுக் கொண்டது. நாற்பது பேர் வரை தங்கும் படகில் ஆளுக்கு நாலைந்து செல் என்றால் ஒரே மேசையில் நூற்றுக்கு மேற்பட்ட செல்கள் சூடேறுகின்றன. அவற்றில் ஒன்று உறை மாற்றிய போலி என்றால் விலை கொடுப்பவர் அதை வாங்கியவர் மட்டுமல்ல. எண்ணை நம்பி மலிவுச் செல் வாங்குவதைத் தனிப்பட்ட சிக்கனம் என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

வாங்கும்போது கேட்க வேண்டியவை வேறு. ஸ்ட்ரோப்பின் கையேடு எந்த வகைச் செல்லைப் பெயர் சொல்கிறது என்பது முதல் கேள்வி. ஹைட்ரைடு என்றால் தானாக வடியாத வகை, 1900 அல்லது 2000, நான்கும் ஒரே தொகுதி, ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்த்து நிறுத்தும் சார்ஜர். லித்தியம் என்றால் செல் செய்த ஆலையின் பெயரும் மாதிரி எண்ணும், தொடர்ந்து தாங்கும் ஆம்பியர், எடை, தயாரித்த தேதி. இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்களுக்கு ஐ.எஸ். 16046இன்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். அந்தப் பதிவு எண் உறையில் இல்லாத செல்லை வாங்கக் கூடாது. பதிவு பாதுகாப்புக்கானதே, கொள்ளளவுக்கு அது சான்றல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். டைவ் கருவி விற்கும் கடைகள் மில்லிஆம்பியர் எண்ணோடு ஆம்பியர் வரம்பையும் சேர்த்து விலைப்பட்டியலில் போட வேண்டும். உற்பத்தியாளரின் தரவுத் தாளிலேயே அது இருக்கிறது, போடாமலிருக்கக் காரணமில்லை. 3600க்கு மேல் எண் போட்ட 18650 எதையும் எந்தக் கடையிலும் யாரும் வாங்க வேண்டாம்.